முந்நூற்றுப் பதினேழாம் நெஞ்சு

நான் வேலை பார்த்த எக்ஸ்ரே பிரிவில் இப்போது இருட்டறை கிடையாது. டெவலப்பர் வாடை கிடையாது, ஈரப் பிலிமைக் கொடியில் மாட்டுகிற கிளிப் கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டர் திரை. போன மாதம் ஏதோ ஒரு சான்றிதழுக்காக அங்கே போயிருந்தேன். டெக்னீஷியனாக இருக்கும் பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டே, “சார், சாயங்காலம் ஆனா ரெண்டு கண்ணும் மிளகாய் பட்ட மாதிரி எரியுது. நீங்கல்லாம் இத்தனை வருஷம் எப்படி சமாளிச்சீங்க?” என்று கேட்டார்.

“சமாளிக்கலம்மா. வேலையே போக இருந்தது” என்றேன். அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தும் மனசு அதிலேயே நின்றதால் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எக்ஸ்ரே வேலை படித்த கதையை நீட்ட வேண்டாம். இரண்டு வருஷம் படித்ததை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். நோயாளியை அசையாமல் நிறுத்து. நம்பரை மாற்றிப் போடாதே. எழுபதுகளின் நடுவில் காசநோய் கண்டுபிடிக்கிற வேனில் என்னைப் போட்டார்கள். பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்கள்தான் எங்கள் எல்லை. வண்டியை ஓட்டியவர் காதர் பாய். பழவேற்காட்டுக்காரர், ஊரில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை அவருக்குத் தெரியும். தலைமை, டாக்டர் கிருஷ்ணவேணி.

வேனுக்குள் நடப்பது இதுதான். ஒவ்வொருவர் கையிலும் பெயரும் நம்பரும் எழுதிய சீட்டு இருக்கும். நான் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். வந்தவர் சட்டையையும் தாயத்தையும் கழற்றிவிட்டு, தாடையை மேலே வைத்து, கைகளை இடுப்பில் ஊன்றி, முழங்கையை முன்னால் தள்ளி, நெஞ்சைப் பலகையோடு ஒட்டி நிற்க வேண்டும். ஈய எண்களை நான் சட்டத்தில் செருகுவேன். “மூச்சை இழு, பிடி” என்பேன். பலகைக்குப் பின்னால் இருக்கும் திரை ஒரு கணம் பச்சையாக ஒளிரும். அந்த ஒளியைக் கேமரா சின்னதாகப் படம் பிடித்துக்கொள்ளும். “விடு.” அவ்வளவுதான். ஏரியில் முங்கிப் பழகிய கோட்டைக்குப்பத்து ஆட்கள் மூச்சடக்குவதில் மன்னர்கள். ஒருநாள் ‘விடு’ சொல்ல மறந்து அடுத்த சீட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். திரும்பினால் ஒரு பெரியவர் கன்னம் உப்ப அப்படியே நிற்கிறார்.

படம் எடுப்பது கஷ்டமில்லை. பார்ப்பதுதான் கஷ்டம். சுருளைக் கழுவிக் காயவைத்து, பால்கண்ணாடிக்கு அடியில் விளக்கு எரியும் வியூவரில் ஓட்டி, பூதக்கண்ணாடி வழியாக ஒவ்வொரு நெஞ்சாகப் பார்க்க வேண்டும். முதல் பார்வை என்னுடையது. சந்தேகம் உள்ளதைச் சிவப்புப் பென்சிலால் குறிப்பேன். இரண்டாம் பார்வை டாக்டருடையது. ஒரு சுருளில் நூற்றுக்கணக்கான நெஞ்சுகள் வரிசையாக ஓடும்.

மூன்றாம் வருஷம் கண் மக்கர் பண்ணத் தொடங்கியது. முதலில் எரிச்சல், பிறகு தலைவலி, அதற்கும் பிறகு வேறு மாதிரி ஆகிவிட்டது. பொன்னேரி கடைத்தெருவில் நடந்தால் எதிரே வருகிறவர்கள் சட்டைக்குள் விலா எலும்போடு வந்தார்கள். காய்கறிக்காரர் எடை போடும்போது அவர் நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவது தெரிந்தது. ஒரு பகல் முழுக்கப் பச்சை ஒளியில் வேலை செய்துவிட்டுப் படகுத்துறையில் வந்து நின்றேன். ஏரிக்கு மேலே இளஞ்சிவப்பாக ஒரு பட்டை மிதந்தது. கண்ணை மூடினேன், உள்ளேயும் அதே சிவப்பு. திறந்தேன், வெளியேயும் இருந்தது.

“பாய், அங்க செவப்பா ஏதாச்சும் தெரியுதா, இல்ல எனக்கு மட்டுமா?”

“நாரை சார். பூநாரை. ஒரு கூட்டமே வந்து எறங்கிக்கீது” என்றார் காதர் பாய். பிறகு என் முகத்தைப் பார்த்து, “இன்னா சார் ஆச்சு உங்களுக்கு?” என்று மெதுவாகக் கேட்டார். கொஞ்ச நேரம் அந்தச் சிவப்பு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று தெரியாமலேயே நின்றுகொண்டிருந்தேன். பயமாகவும் இருந்தது, சுகமாகவும் இருந்தது.

அந்த மாதமே தப்பு நடந்தது. ஒரு பெண்ணின் படத்தில் தோள்பட்டைக்குக் கீழே நிழல் என்று சிவப்புக் குறி போட்டேன். அது நிழல் இல்லை, முன்னால் விழுந்திருந்த ஈரப் பின்னல். முதல் வருஷத்து ஆள்கூடக் கண்டுபிடிப்பான். இரண்டாம் பார்வையில் டாக்டர் பிடித்துவிட்டார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டாக்டர் கிருஷ்ணவேணி உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. சந்தேகப்பட்ட ஆளை எங்கள் காசநோய் நிலையத்துக்கு வரவழைத்து, இருட்டறையில் திரைக்குப் பின்னால் நிறுத்தி நேராகப் பார்ப்பார். ஸ்கிரீனிங் என்போம். அந்த மங்கல் ஒளி தெரிய வேண்டுமானால் கண் இருட்டுக்குப் பழக வேண்டும். அதற்காக இருபது நிமிஷம் முன்பே சிவப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வோம். அவர் அந்தச் சிவப்புக் கண்ணாடியோடே வராந்தாவில் காபி குடிப்பார், கையெழுத்துப் போடுவார், ஆபீஸரை வரவேற்பார். ஒருத்தருக்கும் சிரிக்கத் தைரியம் வந்ததில்லை. இருட்டறைக்குள் மெஷினைப் போடுவதற்கு முன்னால், பயந்து நிற்கும் ஆளின் தோளில் கையை வைத்து, “நான் இங்கதான் இருக்கேன்” என்பார். அதற்குப் பிறகுதான் சுவிட்ச். கோபம் வந்தால் மட்டும் என் பெயருக்கு முன்னால் ஒரு மிஸ்டர் சேரும்.

“மிஸ்டர் வேதாசலம், இது பின்னல்.”

“கண்ணு கொஞ்சம் சரியில்ல மேடம்.”

“கண் சரியில்லைன்னா ஸ்டோர்ல பஞ்சு, பாட்டில் எடுத்துக் கொடுக்கிற வேலை இருக்கு. இங்க ஒரு நிழலை விட்டா ஒரு ஆள் போயிடுவார். இன்னொரு தப்பு வந்தா நானே எழுதிக் கொடுத்துடுவேன்.”

கண் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார், ஓய்வெடுக்கச் சொன்னார். ஓய்வுக்கு எங்கே போவது? ரயில் நிலையத்தில் ஒரு யோகாசனப் புத்தகம் வாங்கினேன். அதில் தீபத்தை இமைக்காமல் பார்த்தால் கண் வலுப்படும் என்றிருந்தது. பகலெல்லாம் விளக்கைப் பார்த்துக் கெட்ட கண்ணை விளக்கைப் பார்த்தே சரிசெய்யக் கிளம்பிய புத்திசாலி நான். நாலு நாள் பூஜை விளக்கின் முன்னால் உட்கார்ந்து மாலை மாலையாகக் கண்ணீர் விட்டேன். என் மனைவி ஒன்றும் கேட்காமல் இருந்துவிட்டு, ஐந்தாம் நாள், “யாரு பூட்டாங்கன்னு சொன்னா நானும் வந்து கூட அழுவேன் இல்ல?” என்றாள். விளக்கை விட்டேன்.

திருப்பம் வந்தது பொன்னேரி கோயிலில். பக்தியால் போனேன் என்று சொன்னால் பொய். உபன்யாசம் நடக்கும் மண்டபத்தில் குளிர்ச்சியான தூண் ஒன்று உண்டு, அதில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்ளத்தான் போனேன். உபன்யாசம் செய்தவர் ஏதோ கதைக்கு நடுவில் சொன்னார்: “கண்ணு களைச்சுப்போச்சுன்னு சொல்றேளே, களைச்சுப்போனது யாருக்குத் தெரிஞ்சது? அது தெரிஞ்சவன் களைக்கலையே? அவனைப் போய்ப் பாருங்கோ.”

எனக்குச் சட்டென்று உடம்பு சிலிர்த்தது. நான் கண்ணையே நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நோய் எங்கே, நிழல் எங்கே என்று கண்ணைத் துரத்திவிட்டு அதன் பின்னாலேயே நானும் ஓடிக்கொண்டிருந்தேன். கண் கருவி. பின்னால் உட்கார்ந்து பார்க்கிறவன் ஒருத்தன் இருக்கிறான். அவனுக்கு அவசரம் இல்லை, ஆசையும் இல்லை, வருவதைப் பார்ப்பான். வேதாந்தம் படித்தவர்கள் இதைவிட நன்றாகச் சொல்வார்கள். எனக்கு எட்டியது இவ்வளவு, என் வேலைக்கு இது போதுமாக இருந்தது.

அதிலிருந்து ஒரு முறை வைத்துக்கொண்டேன். இருபத்தைந்து நெஞ்சு பார்த்ததும் வியூவர் விளக்கை அணைப்பேன். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, கண்ணை அழுத்தாமல் கிண்ணம் மாதிரி மூடுவேன். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை இரண்டு மடங்கு நீளமாக விடுவேன். கண் களைத்திருக்கிறது, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று மனசுக்குள் சொல்வேன். பச்சை மறைந்து, சிவப்பு மறைந்து, கறுப்பும் இல்லாத ஒரு மெத்தென்ற இடம் வரும். ஏரியில் காற்று ஓய்ந்த நேரம் படகு நிற்குமே, அந்த மாதிரி இருக்கும். அதன் பிறகு விளக்கு. சிவப்புக் கண்ணாடி போட்டு உட்காரும் இருபது நிமிஷத்தையும் அரட்டை அடிக்காமல் இதற்கே கொடுத்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சவாசனம். கோட்டைக்குப்பத்தில் முதல் நாள் வேன் நிழலில் மணலில் நீட்டிப் படுத்து, ஒவ்வொரு விரலாகத் தளர்த்திக்கொண்டு எங்கோ போய்விட்டேன். நாலு பெண்கள் சுற்றி நின்று பேசுவது தூரத்தில் கேட்டது.

“ஐயோ, படம் புடிக்கிறவரு பூட்டாருடீ.”

“காலைல நல்லாத்தானே இருந்தாரு?”

காதர் பாயின் குரல் அலட்டிக்கொள்ளாமல் வந்தது. “ஒண்ணும் இல்லம்மா. அது ஆசனம். செத்துப்போற ஆசனம். ரெண்டு மணிக்கு எந்திரிச்சுக்குவாரு, போங்க.”

டாக்டரம்மா காதுக்கும் போயிற்று. “தத்துவம் எல்லாம் இருக்கட்டும், நிழல் தெரியணும்” என்றார். இரண்டு மாதத்தில் தெரிந்தது. தலைவலி விட்டது. கடைத்தெரு ஜனங்கள் மறுபடியும் சட்டையோடும் சதையோடும் நடந்தார்கள்.

முந்நூற்றுப் பதினேழு அப்போதுதான் வந்தது. பழவேற்காடு படகுத்துறையில் எடுத்த சுருள். பசியாவரம் தீவு, வேன் அங்கே போகாது, ஜனங்கள்தான் படகில் வருவார்கள். முந்நூற்றுப் பதினேழில் இடது நுரையீரலின் மேல்பக்கம் சுற்றிலும் வெள்ளை விளிம்போடு ஒரு ஓட்டை. புளியங்கொட்டை அளவு. குறி போட்டேன். டாக்டரும் பார்த்து ஆமாம் என்றார். சீட்டில் பெயர் ஏகாம்பரம், பசியாவரம்.

ஆள் அனுப்பி வரவழைத்தோம். வந்தவர் தேக்குக் கட்டை மாதிரி இருந்தார். டாக்டர் தோளில் கை வைத்தார், சுவிட்சைப் போட்டார், இப்படியும் அப்படியும் திருப்பினார். நெஞ்சு சுத்தம். பெரிய பிலிமும் எடுத்தோம். துடைத்துவைத்த மாதிரி இருந்தது. ஏகாம்பரத்தை அனுப்பிவிட்டு டாக்டர் சிவப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

“மிஸ்டர் வேதாசலம், நம்பரை மாத்திப் போட்டிருக்கீங்க. ஓட்டை விழுந்த ஆள் ஒருத்தர் இருமிக்கிட்டு எங்கேயோ வலை இழுத்துட்டிருக்கார். அவர் யாருன்னு நமக்குத் தெரியாது. உங்களுக்குப் புரியுதா?”

புரிந்தது. ஸ்டோருக்குப் போவது கூடப் பெரிதாகத் தோன்றவில்லை. அந்த ஓட்டைக்கு ஒரு முகம் இருக்கிறது, வீட்டில் எல்லாருக்கும் ஒரே தட்டு, ஒரே செம்பு இருக்கும், நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. “ஒரு நாள் கொடுங்க மேடம்” என்றேன். தலையை மட்டும் ஆட்டினார்.

வியூவருக்கு முன்னால் உட்கார்ந்தேன். எடுத்ததும் விளக்கைப் போடவில்லை. கையால் கண்ணை மூடி, மூச்சை விட்டுக்கொண்டே இருந்தேன். தப்புச் செய்துவிட்டோமே என்கிற பதைப்பையும் அந்தப் பின்னால் இருக்கிறவன் பார்த்துக்கொண்டிருந்தான். பதைப்பு மெல்ல அடங்கியது. அடங்கிய இடத்தில் படகுத்துறை வந்தது, அன்றைய வெயில் வந்தது, என் குரல் வந்தது. “ஏகாம்பரம்.” யாரும் வரவில்லை. “பசியாவரம் ஏகாம்பரம்.” முன்னாலேயே நின்றிருந்த ஒருத்தன் அப்போதுதான் திடுக்கிட்டு வந்தான். பெயரைக் கூப்பிட்டால் திரும்பாத மனுஷன் உண்டா? காது கேளாதவனாக இருக்க வேண்டும், அல்லது அது அவன் பெயராக இருக்கக் கூடாது.

விளக்கைப் போட்டேன். இந்த முறை ஓட்டையைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தேன். இடது காறை எலும்பில், எப்போதோ முறிந்து கோணலாகச் சேர்ந்த ஒரு முடிச்சு இருந்தது. ஏகாம்பரத்தின் பெரிய பிலிமைப் பக்கத்தில் வைத்தேன். அவருடைய காறை எலும்பு நேராக இருந்தது. நம்பரை நான் மாற்றவில்லை. ஆள்தான் மாறியிருந்தது.

மறுநாள் காலை காதர் பாயும் நானும் படகேறினோம். தண்ணீரும் வானமும் ஒரே வெள்ளை. எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. பசியாவரத்துக் கரையில் ஏகாம்பரமும் இன்னொருத்தனும் வலையை உதறிக்கொண்டிருந்தார்கள். இருபத்தைந்து வயசிருக்கும் அவனுக்கு. சட்டை இல்லை. இடது காறை எலும்பின் மேல் சின்னதாக ஒரு மேடு. என்னைக் கண்டதும் இருமலை அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

“அன்னிக்குப் படத்துக்கு வந்தது நீதானே?” என்றேன்.

“ஆமா சார். சிங்காரம். இவரு தம்பி.”

“அண்ணன் சீட்டுல ஏன்ப்பா நின்ன?”

இதில் என்ன கேள்வி என்பது போல் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஏகாம்பரம் சொன்னார். “அன்னிக்கு எங்களுக்குப் பாடு சார். நான் ஏரிக்குப் பூட்டேன். அதான் தம்பி நின்னான். எனக்கு ஒடம்பு முடியலன்னா என் பாட்டுக்கு அவன்தானே நிக்கிறான்? அவன் நின்னா நான் நின்னா மாரிதான்.”

நான் விழிப்பதைப் பார்த்து காதர் பாய் விளக்கினார். ஏரியில் இன்ன நாள், இன்ன இடத்தில், இன்னார் வலை போடலாம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். அதுதான் பாடு. கல்யாணம் ஆனவனுக்குத்தான் பட்டியலில் பெயர். ஆகாதவன் அப்பாவோ அண்ணனோ பெயரில்தான் ஏரிக்கு இறங்க வேண்டும்.

“எனக்கு இன்னும் ஆவல சார்” என்றான் சிங்காரம். “நைனா இருந்தப்ப நைனா பேரு, இப்ப அண்ணன் பேரு. வூட்டுக்கு ஒரு பேரு போதும்னு நெனச்சேன். நெஞ்சுக்கும் அப்டித்தானேன்னு.”

என்ன சொல்லித் திட்டுவது? ஏரி முழுவதும் அந்த நியாயத்தில்தான் நடந்துகொண்டிருந்தது. இரண்டு பேரையும் அன்றைக்கே நிலையத்துக்கு அழைத்துவந்தேன். டாக்டர் ஸ்கிரீனில் பார்த்தார், சளியைச் சோதித்தார். சந்தேகமே இல்லை. ஒன்றரை வருஷம் மாத்திரை, தொடக்கத்தில் தினமும் ஊசி, நிறுத்தாமல் போட்டால் பிழைப்பான் என்றார். மருந்து அட்டையை எடுத்துப் பெயர் எழுதப் பேனாவைத் திறந்தார்.

“என் பேரு வேணாம்மா” என்றான் சிங்காரம். “டிபின்னு தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான்? கண்ணாலம் இல்லன்னா பாடு இல்ல. அட்டைல என் பேரு வந்தா நான் ஊசிக்கு வரமாட்டேன்.”

வரமாட்டான் என்பது எனக்குத் தெரிந்தது. அப்படிப் போனவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். திரும்பி வரும்போது தூக்கிக்கொண்டு வருவார்கள்.

ஏகாம்பரம் ஒரு அடி முன்னால் வந்தார். “என் பேர்ல எழுதுங்கம்மா. எனக்குக் கண்ணாலம் ஆயி ரெண்டு புள்ளைங்க கீது. எனக்கு இன்னா ஆவப் போவுது? சீக்கு எனக்குன்னே இருக்கட்டும். ஊசிய அவனுக்குப் போடுங்க.”

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அவர் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன். சிவப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அப்போது இருட்டறை வேலை எதுவும் இல்லை. “நோய் உங்களுக்குன்னு நான் பொய் எழுத முடியாது ஏகாம்பரம்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “வேதாசலம், பிலிம்ல என்ன இருக்கு? பேரா, நம்பரா?” என்று கேட்டார். மிஸ்டர் போயிருந்தது.

“நம்பர்தான் மேடம்.”

“அப்ப அட்டையிலயும் நம்பர் போதும். பேர் என் மேஜைக்குள்ள பதிவேட்டுல இருக்கட்டும். வெளிய யாருக்கும் தெரிய வேண்டாம்.” அட்டையின் மேல் 317 என்று எழுதிக் கொடுத்தார். சிங்காரம் அதை மடித்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டான்.

ஒன்றரை வருஷம் அவன் நம்பராகவே வந்தான், நம்பராகவே போனான். ஒரு ஊசியைத் தவறவிட்டதில்லை. இருமல் நின்றது, கன்னம் உப்பியது. எனக்கு மட்டும் ஒரு உறுத்தல். கண்ணுக்குப் பின்னால் இருக்கிறவனுக்குப் பெயர் கிடையாது என்று உபன்யாசத்துக்குப் பிறகு தோன்றியபோது ஆனந்தமாகத்தான் இருந்தது. கண் முன்னால் ஒருத்தன் பெயரில்லாமல் நின்று கையை நீட்டி ஊசி போட்டுக்கொள்வதைப் பார்க்க அப்படி இருக்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் வேன் மறுபடியும் படகுத்துறைக்குப் போனது. சிங்காரத்தின் கடைசிப் படம் அன்றைக்குத்தான். வரிசையில் பசியாவரம், கோட்டைக்குப்பம் ஜனங்கள் அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். டாக்டர் நாற்காலி போட்டு வெளியே உட்கார்ந்திருந்தார். நான் உள்ளங்கையைக் கண்ணிலிருந்து எடுத்து, அவனுடைய சீட்டைப் பார்த்துக் கூப்பிட்டேன்.

“முந்நூத்திப் பதினேழு.”

வரிசையில் நின்றிருந்தான். நகரவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். அசையவில்லை. அண்ணன் பெயருக்குத் திரும்பாமல் நின்ற அதே மாதிரி நின்றான். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்:

“நம்பரு வேணாம் சார். எனக்கு சீக்கு இருந்திச்சு, சரியாயிட்சு. பேரு சொல்லிக் கூப்டுங்க.”

வரிசையே அவன் பக்கம் திரும்பியது. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். நான் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டேன்.

“பசியாவரம் சிங்காரம்.”

ஒரே கூப்பிடுதான், வந்துவிட்டான். தாடையை வைத்தான், கைகளை இடுப்பில் ஊன்றினான், முழங்கையை முன்னால் தள்ளினான். மூச்சை இழு என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திரை பச்சையாக ஒளிர்ந்து அணைந்தது.

“விடுப்பா” என்றேன்.